ஒரு துப்பாக்கி திருந்திய கதை

நன்கு வடிவமைத்த இயந்திரமும் ஒரு சிறு மாற்றத்தால் பழுதுபடக்கூடும். வியத்நாம் போரில் எம்-16 துப்பாக்கி பட்ட பாடு இதற்கு எடுத்துக்காட்டு.

யூஜீன் ஸ்டோனர் என்னும் அமெரிக்கப் பொறியியலார் 1950களில் உருவாக்கிய ஏஆர்-15 துப்பாக்கியே பின்னர் எம்-16 ஆயிற்று. இதன் இயக்கம் எளியது. தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வாயுவில் ஒரு பகுதி மெல்லிய குழாய் வழியே பின்னோக்கி வந்து, தோட்டா அறையை மூடியுள்ள தாழைத் திறக்கிறது. தாழிலுள்ள கொக்கி வெற்றுக் கூட்டை இழுத்து வெளியே எறிகிறது. பிறகு சுருள்வில் தாழை முன்னே தள்ள, அடுத்த தோட்டா அறைக்குள் ஏறுகிறது.

1965 முதல் இத்துப்பாக்கி வியத்நாமுக்குப் பெருமளவில் சென்றது. விரைவிலேயே முறையீடுகள் குவிந்தன. வெற்றுக் கூடு அறைக்குள்ளேயே இறுகிக்கொண்டது. எதிரி சுடும் வேளையில், வீரர் குழலின் முன்வாய் வழியே கம்பியை விட்டு அதைக் குத்தித் தள்ள வேண்டியதாயிற்று. சிக்கிய துப்பாக்கியுடன் மாண்டோரும் உண்டு.

காரணம் என்ன?

காரணம் ஒன்றன்று. முதலாவது, வெடிமருந்து. குச்சி வடிவத் துகள்களைக் கொண்டு சோதித்த துப்பாக்கிக்கு, 1964இல் உருண்டைத் துகள் மருந்தை ஏற்றனர். இதனால் தாழின் வேகம் மிகுந்தது; சில துப்பாக்கிகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 முறை சுடும் வேகத்தை எட்டின. வெடிப்பின் அழுத்தத்தால் விரிந்த பித்தளைக் கூடு சுருங்குவதற்குள் கொக்கி அதை இழுத்தது. மேலும், மருந்தில் கலந்திருந்த கால்சியம் கார்பனேட் வாயுக் குழாயில் படிந்தது.

இரண்டாவது, துரு. அறையின் உட்சுவரில் குரோமியப் பூச்சு இல்லை. ஈரக் காற்றில் துருவால் நுண்குழிகள் தோன்ற, விரிந்த கூடு அவற்றைப் பற்றிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரிலேயே ஜப்பானியர் தம் துப்பாக்கிக் குழல்களுக்குக் குரோமியம் பூசியிருந்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

மூன்றாவது, பராமரிப்பின்மை. இத்துப்பாக்கிக்குத் துப்புரவு அதிகம் தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்ததால், துப்புரவுக் கருவிகளும் பயிற்சியும் பலருக்குக் கிட்டவில்லை.

திருத்தங்கள்

1967இல் ரிச்சர்ட் இகார்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்து, இராணுவ நிருவாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. திருத்தங்களும் வந்தன. உள்ளே நகரும் எடைகளைக் கொண்ட புதிய அதிர்வுதாங்கி தாழின் வேகத்தைத் தணித்தது. முதலில் அறைக்கும், பின்னர்க் குழல் முழுமைக்கும் குரோமியம் பூசினர். இதனால் துரு குறைந்தது, துடைப்பதும் எளிதாயிற்று. மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் அளவையும் பிற்பாடு குறைத்தனர். துப்புரவுக் கருவிகளை வைக்கத் துப்பாக்கியின் அடிக்கட்டையிலேயே அறை அமைத்தனர். 1968இல், வில் ஐஸ்னர் என்னும் ஓவியர் வரைந்த படக்கதைக் கையேடு வீரர்களுக்குப் பராமரிப்பைக் கற்பித்தது.

ஸ்டோனரின் அடிப்படை அமைப்பு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியவை பூச்சும், எடையும், மருந்தும், பழக்கமுமே. ஓர் உறுப்பை மாற்றுவோர் முழு இயந்திரத்தையும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்ற பாடத்துக்கு வீரர்கள் உயிரையே விலையாகத் தந்தனர்.