சமவாய்ப்பு மருத்துவ ஆய்வு

புதிய சிகிச்சை ஒன்று வழக்கிலுள்ள சிகிச்சையைவிட மேலானதா என்று அறிய, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிவுகளாக்கி ஒப்பிடுவது சமவாய்ப்பு மருத்துவ ஆய்வு எனப்படும். ஒப்பிடும் வழக்கம் பழையது. 1747-இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை ஜேம்ஸ் லிண்ட் இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகை மருந்துணவு கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர்.

குலுக்கலுக்குக் கணித அடிப்படை தந்தவர் புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர், அவருடைய களம் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தின் வயல்கள். மருத்துவர்களோ வரும் நோயாளிகளை ஒருவர்விட்டு ஒருவராகப் பிரித்துவந்தனர். அடுத்தவருக்கு எந்தச் சிகிச்சை என்று முன்பே தெரிந்தால், தேறக்கூடியவரைப் புதிய மருந்தின் பக்கம் சேர்க்கும் ஆசை எவருக்கும் வரும்.

அந்த ஆசைக்கு வழியடைத்தது, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948-இல் வெளியிட்ட, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வு. போர் முடிந்த பிரிட்டனில் டாலர் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து வந்த இம்மருந்து சிறிதளவே கிடைத்தது. எல்லாருக்கும் போதாத மருந்தைக் குலுக்கிக் கொடுப்பதில் அநீதி இல்லை என்ற வாதம் எடுபட்டது. காசநோயாளிகள் 107 பேரில் 55 பேர் மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றனர். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். சமவாய்ப்பு எண்களைக் கொண்டு புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த ஒதுக்கீடு, எண்ணிட்டு ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்ப்பதென முடிவான பின்னரே உறை பிரிக்கப்பட்டது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கும் யார் எப்பிரிவு என்று தெரியாது. ஆறு மாதத்தில் மருந்துப் பிரிவில் 4 பேரும் மற்றதில் 14 பேரும் இறந்தனர். கணிதத்தைவிட உறையே இவ்வாய்வின் பெரிய சாதனை எனலாம். ஆய்வில் இருப்பதை நோயாளிகளுக்குச் சொல்லாதது அதன் குறை. அறிந்து தரும் ஒப்புதலை ஹெல்சிங்கி பிரகடனம் 1964-இல் வலியுறுத்தியது.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் வேறொரு கேள்வியை எடுத்தது: காசநோயாளிகளைச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் சேர்ப்பது அவசியமா? ஒரே மருந்துகளை ஓராண்டு வீட்டிலிருந்தபடி உண்ட ஏழை நோயாளிகளும், சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கும் தொற்று கூடுதலாகப் பரவவில்லை. 1959-இல் வெளியான இவ்வாய்வின் முடிவு உலகெங்கும் சானடோரிய முறையைக் கைவிடத் தூண்டியது.

பின்னாளில் எத்தனை பேரைச் சேர்ப்பது, இடையில் எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் ஆய்வுக்கு முன்பே வகுக்கப்பட்டன. இடையிடையே எண்ணிப் பார்த்து, சாதகமான நாளில் நிறுத்தினால் பயனற்ற மருந்தும் வென்றுவிடக்கூடும். முன்பே வகுத்ததை எவரும் சரிபார்க்கப் பதிவு உதவுகிறது. இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல், மருந்து ஆய்வு எதையும் தொடங்குமுன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம்.