வருகைப் பதிவேடும் பக்கலோரெயாவும்

நம் கல்லூரிகளில் 75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுத விடமாட்டார்கள். சில இடங்களில் வருகைக்கென்றே தனி மதிப்பெண்ணும் உண்டு. தவறாமல் வந்ததற்கும் பாடுபட்டதற்கும் மதிப்பெண் தரலாமா? பிரெஞ்சில் படித்தவன் என்பதால் எனக்குப் பக்கலோரெயா தேர்வின் கதைதான் உடனே நினைவுக்கு வருகிறது. பள்ளி முடிவில் எழுதும் தேர்வு அது. ஆனால் பிரான்சில் அதுதான் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டம்.

அங்கே உழைப்புக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். மாணவனைப் பற்றி ஆசிரியர்கள் எழுதும் குறிப்பேடு ஒன்று உண்டு. அதைப் பார்க்காமல் தேர்வுக் குழு யாரையும் தோல்வி என்று அறிவிக்கக் கூடாது. எல்லைக்கோட்டில் நிற்கும் பையன் ஆண்டு முழுவதும் பாடுபட்டவன் என்று தெரிந்தால் கொஞ்சம் தூக்கிவிடுவார்கள். இது எனக்கு நியாயமாகவே படுகிறது. 2021 முதல் பள்ளியிலேயே ஆண்டு முழுவதும் வாங்கும் மதிப்பெண்களுக்கு 40 சதவீதம் ஒதுக்கிவிட்டார்கள். அதுவும் போகட்டும், படித்த பாடத்துக்கான மதிப்பெண்தானே.

வருகை வேறு விஷயம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனவரும் அந்தப் பதிவேட்டின்படி ஆஜர்தான்!

வருகையை நிபந்தனையாக்கினால் என்ன நடக்கும் என்பதைப் பிரான்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டது. 1808இல் நெப்போலியன் பக்கலோரெயாவை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டு தேறியவர்கள் 31 பேர். பின்னாளில், அங்கீகாரம் பெற்ற பள்ளியில் கடைசி வகுப்புகளைப் படித்ததாகச் சான்றிதழ் காட்டினால்தான் தேர்வுக்கு உட்காரலாம் என்று விதி வந்தது. மாணவர்களின் ஒழுங்கைப் பற்றிய கவலையால் வந்த விதி அல்ல அது. பாதிரிமார் நடத்திய பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை இழுப்பதற்கான கயிறு. கத்தோலிக்கர்கள் விடாமல் போராடினார்கள். 1850ஆம் ஆண்டின் ஃபலூ சட்டம், சான்றிதழ் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

அந்தச் சட்டம் கொண்டுவந்தவர்கள் கனவிலும் நினைக்காத ஒருவருக்கு அதனால் வழி திறந்தது. ழூலி விக்துவார் தோபியே 1824இல் பிறந்தவர், ஆசிரியை. லிசேக்களில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. இலத்தீனும் கிரேக்கமும் பாதிரியாரான அண்ணனின் உதவியோடு வீட்டிலேயே கற்றார். பாரிசில் அவர் மனுவை ஏற்கவில்லை. 1861இல் லியோன் நகரில், 37ஆவது வயதில், தேர்வுக்கு உட்கார அனுமதி கிடைத்தது. அந்தக் காலத்தில் மதிப்பெண்ணுக்குப் பதில் பந்து: வெள்ளை என்றால் நன்று, சிவப்பு என்றால் நடுத்தரம், கறுப்பு என்றால் மோசம். அம்மையார் தேறினார். பிரான்சில் பக்கலோரெயா பெற்ற முதல் பெண் அவரே. பழைய விதி மட்டும் இருந்திருந்தால், எந்தப் பள்ளியில் படித்தாய், சான்றிதழ் எங்கே என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். வீட்டு விளக்கில் அவர் பட்ட பாட்டை எந்தப் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்கள்?

தேறிய பிறகும் பட்டயத்தில் கையெழுத்துப் போடக் கல்வி அமைச்சகம் தயங்கியது. பத்து ஆண்டு கழித்து, 1871இல், இலக்கியத்தில் லிசான்ஸ் பட்டத்தையும் வாங்கினார். அப்போதும் சொர்போன் வகுப்பறையில் போய் உட்கார அவருக்கு அனுமதி இல்லை.