டி டிரைவுக்கும் ஒரு வரலாறு உண்டு

"டி-யில ஏதும் கிடக்கா? இல்லாட்டி முழுக்க அழிச்சுப்போட்டுப் புதுசாப் போட்டுத் தாறன்." கொம்பியூட்டர் திருத்தக் குடுத்த பலருக்கும் பழக்கமான வசனம் இது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டதால், பழைய மெஷினில் வேறு ஓ.எஸ். போடவேண்டிய தேவை இப்போது எங்களில் பலருக்கு வந்திருக்கிறது. போடத் தொடங்கினால் பாதிவழியில், இந்த டிஸ்கில் விண்டோஸை நிறுவ ஏலாது என்று ஒரு செய்தி வந்து நிற்கும். உடனே பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிக்கிறதுதான் ஒரே வழி என்று நினைத்துவிடுகிறோம்.

பெரும்பாலும் அந்தச் செய்தி, டிஸ்க் பழுது என்று சொல்லவில்லை. இரண்டு வேறு காலத்து ஒழுங்குகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்றுதான் சொல்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் அழித்தால், வன்னியில் போவது இன்னொருமுறை கிடைக்காத பொருளாக இருக்கலாம். அதனால்தான் இந்தச் சின்ன விசயத்தின் வரலாற்றை எழுதுகிறோம்.

நாலு பதிவுக்குள் ஒரு டிஸ்க்

1983இல் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. என்ற கணினியை 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்கோடு வெளியிட்டது. அதோடு வந்த டொஸ் 2.0, டிஸ்கின் முதல் 512 பைட்டில் 64 பைட்டை ஒதுக்கி ஒரு சின்ன அட்டவணையை வைத்தது. மொத்தம் நாலு பதிவுகள். எந்தப் பகுதி எங்கே தொடங்குது, எவ்வளவு நீளம் என்பதுதான் ஒவ்வொரு பதிவிலும் முக்கியமாக இருக்கும். ஒரே டிஸ்கில் வேறுவேறு ஓ.எஸ். இருக்கலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இன்றைக்கு எம்.பி.ஆர். என்று சொல்வது இதைத்தான்.

டி டிரைவ் வந்தது வசதிக்காக அல்ல. அந்தக் கால டொஸ், ஒரு பார்ட்டிஷனில் 32 மெகாபைட்டுக்கு மேல் கையாளாது. அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கினவர்கள் அதைப் பிரித்தே ஆகவேண்டும். 1987இல் வந்த டொஸ் 3.3, நீட்டிப்புப் பார்ட்டிஷன் ஒன்றுக்குள் இன்னும் பல டிரைவுகளை வைக்க வழி செய்தது. விண்டோஸ் 95இன் முதல் பதிப்பிலும் 2 ஜிகாபைட் என்ற எல்லை இருந்தது. பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றது. 'சி' விண்டோசுக்கு, 'டி' எங்கட சாமானுக்கு. விண்டோஸ் செத்தாலும் டி தப்பும் என்ற நம்பிக்கை அப்படித்தான் வந்தது.

எம்.பி.ஆர். அட்டவணையால் ஏறக்குறைய 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண ஏலாது. 1990களின் பிற்பகுதியில் இன்டெல் நிறுவனம் பழைய பயோசுக்குப் பதிலாக ஒரு புது முறையை உருவாக்கியது. அதோடு ஜி.பி.டி. என்ற அட்டவணையும் வந்தது. விண்டோசில் அதற்கு 128 பதிவுகள் வரை இடமுண்டு, டிஸ்கின் கடைசியில் ஒரு பிரதியும் இருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்த பிறகு இந்தப் புது முறை, அதாவது யூ.ஈ.எஃப்.ஐ., கடைக்கு வந்த மெஷின்களில் வழமையாகிவிட்டது. புது முறையில் தொடங்கின விண்டோஸ், பழைய அட்டவணை உள்ள டிஸ்கைக் கண்டால் "ஏலாது" என்கிறது. பழைய முறையில் தொடங்கி ஜி.பி.டி. டிஸ்கைக் கண்டாலும் அதே பதில்தான்.

வன்னிக்கு வந்த வழி

மற்ற இடங்களில் வீட்டுக்கு வீடு கணினி வரத் தொடங்கின 1990களில், வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதியில் மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றரி, சீமெந்து எல்லாம் பொருளாதாரத் தடைக்குள். 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 2006 ஓகஸ்டில் வீதி திரும்பவும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது.

அதற்கிடையில் சனம் எத்தனை தரம் இடம்பெயர்ந்தது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கலியாண அல்பம் என்று பெட்டி பெட்டியாக விட்டுவிட்டு வந்தவை ஏராளம். 2012 செப்ரெம்பரில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்படும்வரை, பலருக்குத் திரும்பிப் போக வீடே இருக்கவில்லை. பிறகு வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம், யாழ்ப்பாணத்து உறவுகளிடம் இருந்த படங்களைத் தேடி எடுத்து, ஸ்கான் பண்ணித்தான் பல குடும்பங்கள் தங்கட அல்பத்தைத் திரும்பச் சேர்த்தன.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் ஏந்தியிருக்கிற படங்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்படிப் பெரிதாக்கி அச்சடித்த ஒரு படத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு கணினியில் ஒரு பைல் இருக்கும். அது ஒரு டி டிரைவிலும் இருக்கலாம்.

அழிக்க முன்னம்

காணி உறுதி தொலைந்தால் காணி இல்லாமல் போவதில்லை. ஆனால் அதுக்குள்ள வேறு ஆள் வீடு கட்டினால் கதை வேறு. டிஸ்கும் அப்படித்தான். டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' என்று அடித்தால் அழிவது பார்ட்டிஷன் விபரம் மட்டுமே. 'கிளீன் ஓல்' என்று அடித்தால்தான் டிஸ்க் முழுக்கத் துடைபடும்.

ஆகவே செய்தி வந்தவுடன் ஒன்றையும் அழிக்க வேண்டாம். வெளியே வந்து பூட் மெனுவைப் பாருங்கோ. பல மெஷின்களில் ஒரே பென் டிரைவ் இரண்டு தரம் காட்டும், ஒன்றின் முன்னால் யூ.ஈ.எஃப்.ஐ. என்று இருக்கும். ஜி.பி.டி. டிஸ்குக்கு அதைத் தெரிவு செய்யவேணும், எம்.பி.ஆர். டிஸ்குக்கு மற்றதை. விண்டோஸ் 11க்கு யூ.ஈ.எஃப்.ஐ. கட்டாயம் என்பதால் அங்கே அட்டவணையை மாற்றத்தான் வேணும். அதற்கு விண்டோஸ் 10இல் 2017இலிருந்து எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவி இருக்கிறது. விண்டோஸ் இருக்கிற டிஸ்கில், பைல்களை அழிக்காமலே மாற்றும். ஆனால் டி டிரைவ் அந்தப் பழைய நீட்டிப்புப் பார்ட்டிஷனுக்குள் இருந்தால் அது மறுத்துவிடும். எப்படியென்றாலும் முதலில் பிரதி எடுக்கவேணும். விண்டோஸ் எழும்பாவிட்டால் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு, வேறொரு டிஸ்குக்கு எடுக்கலாம். நிறுவும் திரையில் சி, டி என்ற எழுத்துகளை நம்பவேண்டாம், அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கோ.

ஏற்கெனவே அழிபட்டுவிட்டதா? அந்த டிஸ்கில் இனி ஒன்றும் எழுதாதேங்கோ. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடித்தரும். அதையும் வேறு டிஸ்கிலிருந்துதான் ஓடவிடவேணும். எஸ்.எஸ்.டி. என்றால் வாய்ப்புக் குறைவு, ஏனென்றால் ஃபோர்மட் பண்ணினதும் அது பழைய தரவைத் தானாகவே துப்புரவாக்கத் தொடங்கிவிடும்.

2005இல் தொடங்கின நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. வீட்டுப் படங்களைச் சேர்க்கிற பொறுப்பு எங்கட தலைமுறையிடம்தான் இருக்கிறது. டி-யைத் திறந்து, இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து வையுங்கோ. வெறும் இலக்கத்தோடு கிடக்கிற படங்களை அம்மம்மாவுக்குக் காட்டி, யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு பைல் பெயரிலேயே எழுதுங்கோ. பார்ட்டிஷனைத் தேடித்தரும் எந்த மென்பொருளாலும் அந்தப் பெயர்களைத் தேடித்தர ஏலாது.