பழைய கிளாரினெட்டின் அடையாளம்

இணையத்தில் பழைய கிளாரினெட் வாங்குபவர் முதலில் தேடுவது அதில் பொறித்த பெயரை. அதைக் கடைசிச் சான்றாகவே கொள்ள வேண்டும் என்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பியப் பட்டறைகள் பல, விற்கும் கடையின் பெயரையே முத்திரையாக அடித்து அனுப்பின. செய்தவர் யாரென்று அது சொல்லாது. சாவியமைப்பின் பெயரும் அப்படித்தான்: 'போம்' முறைக் கிளாரினெட்டை உருவாக்கியவர் புல்லாங்குழலைச் சீரமைத்த போம் அல்ல, கிளாரினெட் கலைஞர் குளோசேயும் கருவி செய்பவர் பஃபேயும் 1839 வாக்கில் அவருடைய புல்லாங்குழலின் வளையச் சாவிகளைத் தழுவி அமைத்தது அது. நாதஸ்வர அணசுபோல் விரியும் அடிப்பகுதியையும், ஊதுவாய்க்கு அடுத்த சிறு துண்டான பேரலையும் எளிதில் மாற்றிவிடலாம். ஆகவே மேல், கீழ்த் துண்டுகள் இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்ப்பதே நல்லது. பஃபே கிராம்போன் நிறுவனத்தின் பழைய ஆர்13 மாடல் கருவிகளிலோ மாடல் பெயரே பொறித்திருக்காது; அங்கும் எண்தான் துணை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் சுருதி. 1939இல் லண்டன் மாநாடு 440 ஹெர்ட்ஸை ஏற்பதற்கு முன், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 452 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுமான உயர் சுருதிக் கருவிகள் ஏராளமாகப் புழங்கின. பேரலைச் சற்று இழுத்துவிட்டால் சுருதி இறங்குமே என்பார்கள். இறங்கும்; ஆனால் மேல்துளைச் சுரங்கள் அதிகமாகவும் அடித்துளைச் சுரங்கள் குறைவாகவும் இறங்குவதால் இசைவு குலையும். இன்றைய பி-ஃபிளாட் கிளாரினெட் ஊதுவாய் நீங்கலாக ஏறத்தாழ 59 அல்லது 60 செ.மீ. நீளம். உயர் சுருதிக் கருவி இதைவிடக் குட்டை; ஆகவே பணம் அனுப்புமுன் அளவுகோல் வைத்த படம் ஒன்றைக் கேளுங்கள்.