ஃபிஜியில் ஒரு புத்தக வெள்ளம்

1980 வாக்கில் ஃபிஜித் தீவுகளில் பிள்ளைகள் முதல் மூன்று வகுப்பைத் தங்கள் மொழியில் படித்தார்கள். நாலாம் வகுப்பு வந்ததும் கணக்கு, அறிவியல் எல்லாமே ஆங்கிலம். கிராமத்தில் ஆங்கிலம் காதில் விழவே விழாது. அங்கே தடுமாறுகிற பிள்ளைக்கு மொத்தப் படிப்பும் போச்சு. (கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வாரிசுகளும் இதே நாட்டில்தான் படித்தார்கள். பலர் வீட்டில் அதற்குள் ஃபிஜி இந்தி.)

ஆங்கிலப் பாடம் என்றால் வாய்ப்பயிற்சி. ஆசிரியர் ஒரு வாக்கிய அமைப்பைச் சொல்வார், வகுப்பே கோரஸாகத் திருப்பிச் சொல்லும். யாருக்கும் எதுவும் நடக்காத வாக்கியங்கள்!

வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். புத்தகமே அதிகம் இல்லாத எட்டு கிராமப் பள்ளிகள். நாலு, ஐந்தாம் வகுப்பில் 380 பிள்ளைகள். அவர்களுக்குப் படம் போட்ட 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் நாலு பள்ளிகளில் 234 பிள்ளைகள். அவர்களுக்குப் பழைய பாடமே.

பாதி வகுப்புகளில் பிள்ளைகள் தினமும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் தாங்களே வாசித்தார்கள். மற்ற பாதியில் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. நியூசிலாந்தின் டான் ஹோல்டவே பரவலாக்கிய முறை அது. பாட்டி மடியில் கதை கேட்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆசிரியர் அட்டைப் படத்தைக் காட்டி, "என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பார். பிறகு வாசிப்பார். மறுநாள் அதே கதை. தெரிந்த வரி வரும்போது பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். அப்புறம் படம் வரைவது, நடித்துக் காட்டுவது, கதையைத் தாங்களே எழுதுவது. ஒரே வாக்கியத்தைப் பத்து தடவை சொல்வது இங்கேயும் உண்டு. ஆனால் கதை பிடித்துப்போய்ச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், வித்தியாசமே அங்கேதான்.

எட்டு மாதத்தில், வாசித்தும் கேட்டும் புரிந்துகொள்வதில் கதைப் பிள்ளைகள் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். சும்மா வாசித்த வகுப்புகளும் சேர்த்துத்தான். 'புதுப் புத்தக மோகம், போகப் போக அடங்கிடும்' என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இருபது மாதம் கழித்துச் சோதித்தபோது இடைவெளி கூடியிருந்தது. மற்ற மொழித்திறன்களுக்கும் அது பரவியிருந்தது. இத்தனைக்கும் பயிற்சியெடுத்த பழைய பாடத்துப் பிள்ளைகள் பின்னால் நிற்கிறார்கள்.

1983இல் ஆய்வு அச்சில் வந்தது. அதற்குள் சிங்கப்பூரிலும் ஆங்கிலப் பாடத்தை மாற்றுகிற பேச்சு. 1985 முதல் அங்கே தொடக்கப் பள்ளிகளின் கீழ் வகுப்புகளில் இதே கூட்டு வாசிப்பு நுழைந்தது. வீட்டில் தமிழும் மலாயும் சீனமும் பேசிய பிள்ளைகள் பெரிய எழுத்துப் புத்தகத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள்.