பெயர் வெட்டிய செம்பும் பூட்டிய திரையும்

சென்ற மாதம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பிய பேருந்தில், எங்கள் இருக்கையின் இடுக்கில் ஒரு கைப்பேசி கிடந்தது. பொத்தானை அழுத்தினால் ஒரு குழந்தையின் படமும் கடிகாரமும் மட்டுமே தெரிந்தன. உரியவரே அழைக்கட்டும் என்று காத்திருந்தோம். ஊர் வருவதற்குள் மின்கலம் தீர்ந்துவிட்டது. நடத்துநரிடம் ஒப்படைத்து இறங்கினோம். மனம் மட்டும் இறங்கவில்லை.

வீடு வந்து தண்ணீர் மொண்டபோது, பித்தளைச் செம்பின் கழுத்தில் பாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாய் வெட்டியிருப்பதை அன்றுதான் ஊன்றிப் பார்த்தோம். விசேஷ வீட்டுக்கு இரவல் போன அண்டாவும் குடமும் வீடு திரும்ப வழிகாட்டியது அவ்வெழுத்தே. பிறந்த வீட்டுச் சீர் எது என்று பிணக்கு எழுந்தால், பெண்ணுக்குச் சாட்சி சொன்னதும் அதுவே.

இவ்வழக்கம் மிகப் பழையது. கீழடியின் பானை ஓடுகளில் குவிரன், ஆதன் முதலிய பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டுள்ளன. எகிப்தின் செங்கடல் துறையான குசைர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் உள்ளன. தாய்லாந்தின் கிராபிப் பகுதியில் கிடைத்த, கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரைகல் ஒன்றில் 'பெரும்பதன் கல்' என்று எழுதியிருக்கிறது. பொன் உரசிப் பார்த்த அந்தத் தட்டானைப் பற்றி வேறெதுவும் அறியோம். ஆயினும் கல் யாருடையது என்பதில் இன்றும் ஐயமில்லை.

பெயரை மறைத்தே உடைமையைக் காத்த முறையும் நம்மிடம் இருந்தது. சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றால் துணியில் இட்ட குறி எத்தனை வெளுப்புக்கும் அழியாது. அது எந்த வீட்டுக்குரியது என்பது அவர்களுக்கே தெரியும்.

கைப்பேசிக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி வேண்டும். 2005இல் பிரிட்டனின் அவசர மருத்துவப் பணியாளர் பாப் பிராட்சி, ஆபத்தில் அழைக்க வேண்டியவரின் எண்ணை 'ஐஸ்' என்ற பெயரில் சேமித்துவைக்கச் சொன்னார். பின்னர் கைப்பேசிகள் பூட்டப்படலாயின. உள்ளே சேமித்த எண் கண்டெடுத்தவருக்கு எட்டாது போயிற்று. கள்வனுக்கு இட்ட பூட்டு நல்லவனையும் தடுத்தது. எனவே அச்செய்தி பூட்டின் வெளிப்புறத்துக்கு வர வேண்டியதாயிற்று. ஐபோனில் 2014 முதல் மருத்துவ அடையாளப் பகுதி உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் பூட்டுத்திரையில் ஓரிரு வரிகள் எழுத அமைப்புகளிலேயே இடமிருக்கிறது.

அங்கே பலர் தம் எண்ணையே எழுதிவிடுகின்றனர். அதை அழைத்தால் கண்டெடுத்தவர் கையிலிருக்கும் கைப்பேசியே மணியடிக்கும்! வீட்டார் ஒருவரின் எண்ணே பயன்படும். முழுப்பெயரும் முகவரியும் வேண்டாம். சேங்கொட்டைக் குறி கற்பிக்கும் அடக்கம் இங்கே பொருந்தும். தனியே பயணிக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அன்றிரவே எங்கள் திரைகளில் வீட்டு எண்ணை எழுதினோம். அந்தக் குழந்தையின் படத்தின் கீழும் ஓர் எண் இருந்திருந்தால், அக்கைப்பேசி அன்றே தன் வீடு சேர்ந்திருக்கும்.