வீட்டிலிருந்து வேலை: வளைகுடா நிறுவனங்கள் எப்போது சம்மதித்தன?



1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவில் நகரங்கள் எழத் தொடங்கின. அவற்றைக் கட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் குடும்பங்களிலும் ஒருவர் அகதியாக ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ வந்தால், இன்னொருவர் டுபாயிலோ கட்டாரிலோ உழைத்துக்கொண்டிருந்தார். என் மைத்துனர் ஷார்ஜாவில் கணக்காளர். கணக்கு எழுதுவதை எங்கிருந்தும் செய்யலாம். ஆனாலும் 2020 வரை ஒரு நாள்கூட அவர் வீட்டிலிருந்து வேலை செய்ததில்லை.

கருவிகள் இல்லாததால் அல்ல. டுபாய் இன்டர்நெட் சிட்டி 2000ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. காரணம் வேறு இடத்தில் இருந்தது என்பது என் எண்ணம். 'கபாலா' முறையில் தொழிலாளியின் வதிவிட விசா முதலாளியின் பொறுப்பில் இருந்தது. பொறுப்பில் உள்ள ஆளைக் கண்ணெதிரே வைத்திருக்கவே முதலாளி விரும்புவார். இணையவழி அழைப்புகளுக்கும் ஐக்கிய அரபு இராச்சியத்தில் தடை இருந்தது; 2017இன் இறுதியில் ஸ்கைப்பும் நின்றது. சவூதி அரேபியா அதே ஆண்டு செப்டெம்பரில் தன் தடையை நீக்கியது.

பிறகு வந்தது 2020 மார்ச். இருபது ஆண்டுகளாக முடியாதென்றிருந்தது சில நாட்களில் முடிந்தது. கொரோனா பரவியதும் மனிதவள அமைச்சு வெளியிட்ட 281ஆம் இலக்கத் தீர்மானம், தனியார் நிறுவனங்களில் 30 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அலுவலகத்தில் இருக்கக்கூடாது என்றது. கர்ப்பிணிகள், 55 வயதைக் கடந்தவர்கள், நோயாளிகள், ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் ஆகியோருக்கு வீட்டு வேலையில் முன்னுரிமை கிடைத்தது. ஸூம், மைக்ரோசொப்ட் டீம்ஸ் போன்றவையும் அனுமதிக்கப்பட்டன. ஆனால் தொழிலாளி ஊரிலுள்ள தாயின் முகம் பார்க்க நாடும் வட்ஸ்அப் அழைப்பு அப்போது திறக்கப்படவில்லை. வேலைக்குத் திறந்த கதவு உறவுக்குத் திறக்கவில்லை.

அதே மாதம் வந்த 279ஆம் இலக்கத் தீர்மானத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும். அது வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றியது. நிறுவனங்கள் எடுக்கக்கூடிய படிகளை அது வரிசைப்படுத்தியது: முதலில் வீட்டிலிருந்து வேலை, அடுத்து சம்பளத்துடன் விடுமுறை, பின் சம்பளமில்லா விடுமுறை, அதன்பின் தற்காலிகச் சம்பளக் குறைப்பு, கடைசியில் நிரந்தரக் குறைப்பு. வீட்டிலிருந்து வேலை என்பது அங்கே சலுகையாக வரவில்லை. சம்பளக் குறைப்பில் முடியும் ஏணியின் முதற்படியாக வந்தது. உட்கட்டமைப்புக் கட்டுமானம், துப்புரவு, உணவு, மருத்துவம் ஆகிய துறைகளுக்கு 30 சதவீத விதி பொருந்தவில்லை. எம்மவரில் பலர் அந்தத் துறைகளில்தான் இருந்தார்கள்.

அதன்பின் கதவு ஒரு பக்கமாகவே அகலத் திறந்தது. 2020 ஒக்டோபரில் டுபாய் ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டு நிறுவனத்தில் மாதம் 5,000 டொலர் உழைப்பவர் டுபாயில் குடியிருந்தபடியே அந்த வேலையைச் செய்யலாம் என்றது. ஆனால் டுபாய் நிறுவனத்தின் ஊழியர் யாழ்ப்பாணத்தில் இருந்து வேலை செய்ய நினைத்தால், ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் சாதாரண வதிவிட விசா காலாவதியாகிவிடும் என்ற விதி குறுக்கே நிற்கிறது.

2022இல் புதிய தொழிற்சட்டத்தின் விதிகள் தொலைவிலிருந்து வேலை செய்வதையும் ஒரு வேலைமுறையாக ஏற்றன. 2024 ஏப்ரல் பெருமழையில் அரச ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். இப்போது அது புதுமையல்ல.

அனுமதிப் பத்திரம் ஒன்றில் வாழ்வு தொங்குவது எப்படி என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே, வளைகுடாவில் இருக்கும் உங்கள் உறவினரிடம் நிறுவனம் 'வீட்டிலிருந்து செய்' என்று சொன்னால், மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த நாட்டு வீடு? சம்பளம் அதேதானா? விசா யார் பொறுப்பு? பதிலை வாயால் அல்ல, ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்கச் சொல்லுங்கள்.